இரண்டு காதும் தெரிய வேண்டும்

என் முகம் போதாது என்று ஒரு அரசாங்கம் எனக்குக் கடிதம் எழுதியது. இரண்டு பக்கம், கெட்டித் தாள், தலைப்பில் முத்திரை. அதற்கு முன்பு என் முகத்தைப் பற்றி யாரும் எழுத்துமூலம் கருத்துச் சொன்னதில்லை. என் மாமனார்கூடக் கல்யாணத்துக்கு முன்னால் வாய்வார்த்தையாகத்தான் சொன்னார்.

நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறவன். விழா, விசேஷம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஆள் இல்லை. பாஸ்போர்ட் படம், விசா படம், அடையாள அட்டைப் படம், அவ்வளவுதான். ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு கண்ணாடி, யாரும் எடுத்துக்கொண்டு போகாமலிருக்கக் கயிற்றில் கட்டிய ஒரு சீப்பு. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வசனம். "நிமிர்ந்து உட்காருங்க. முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க. ரெண்டு காதும் தெரியணும். சிரிக்காதீங்க."

சிரித்தால் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாய் மூடியிருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது, புருவம் ஏறக் கூடாது, முகத்தில் உணர்ச்சி எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. இந்தத் தெருவிலிருந்து வெளிநாடு போனவர்களில் பாதிப் பேரை நான்தான் உணர்ச்சியைத் துடைத்து அனுப்பி வைத்தேன். ஒரு படம்கூடத் திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என் மனைவி பல் செட்டுச் செய்கிறவள். "நான் ஊருக்கெல்லாம் பல்லு வெச்சு விடறேன், நீங்க அதைக் காட்டாதேன்னு சொல்லி உட்கார வைக்கிறீங்க" என்பாள். எனக்குக் கடிதம் எழுதிய அந்த நாட்டில் பல் செட்டுச் செய்ய ஆள் பற்றாக்குறை. அவளுக்கு வேலை கிடைத்தது. கணவனும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையும் டிபெண்டென்ட் விசாவில் கூட வரலாம் என்று நியமனக் கடிதத்திலேயே போட்டிருந்தது. அவள் முன்னால் போய் வேலையில் சேர்ந்து வீடு பார்ப்பது, இரண்டு மாதத்தில் நானும் ஏழு வயது மகளும் போய்ச் சேர்வது என்று முடிவு செய்தோம். அவள் தலையணையைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. "நீங்க வர்றப்ப கொண்டு வாங்க, அது இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது" என்று எங்கள் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

மகளுக்கு விசா படம் எடுத்த அன்றுதான் எனக்கு முதல் சறுக்கல். "சிரிக்காதே" என்றதும் சிரித்தாள். அதட்டினேன், இன்னும் சிரித்தாள். திரும்பி நின்றுகொண்டேன், என் முதுகைப் பார்த்துச் சிரித்தாள். பதினேழு முறை எடுத்தேன், பதினேழும் பல். பதினெட்டாவது முறை அவளுக்குக் கொட்டாவி வந்து, அது முடிந்து வாய் மூடிய ஒரு நொடியில் பிடித்தேன்.

விண்ணப்ப மையம் ஒரு பெரிய கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தது. நுழைந்ததும் சுவர் முழுக்க எழுதியிருந்தது: 'குடும்பங்களை இணைக்கிறோம்.' அதற்குக் கீழே நாற்காலிகள், ஒன்றை ஒன்று தொடாதபடி தள்ளித் தள்ளித் தரையோடு திருகு போட்டு முடுக்கியவை. ஒரு டோக்கனுக்கு ஒரு நாற்காலி. எனக்கு நாற்பத்தொன்று, மகளுக்கு அறுபத்தாறு. அது மூன்று வரிசை பின்னால்.

டோக்கன் கொடுக்கிற பெண்ணிடம் போய், "சின்னப் பிள்ளைங்க, பக்கத்துல உட்கார வெச்சுக்கறேனே" என்று கேட்டேன்.

"தனித்தனி விண்ணப்பம் சார். பக்கத்துல உட்கார்ந்தா சிஸ்டம் ஒரே குடும்பம்னு எடுத்துக்கும்."

"ஒரே குடும்பம்தாங்க."

"அதை உள்ளே முடிவு பண்ணுவாங்க சார்."

நான் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே ஒரு பலகை. தலைப்பு 'படம் எப்படி இருக்க வேண்டும்'. இடது பக்கம் ஒன்பது தவறான படங்கள், சிவப்புப் பெருக்கல் குறியோடு: சிரிப்பவர், தலை சாய்த்தவர், காதை முடியால் மறைத்தவர். வலது பக்கம் ஒரே ஒரு சரியான படம், பச்சை டிக்கோடு. வெயிலில் வெளுத்துப்போன யாரோ ஒரு மனிதர். நல்ல படம்தான், இடது கன்னத்தில் வெளிச்சம் கொஞ்சம் கூடுதல். இதைவிட நான் நன்றாக எடுப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்த வாயில் மண்ணைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கல்யாணம் உண்மையானது என்பதற்கு ஆதாரமாகப் படங்களும் நாங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய செல்போன் செய்திகளும் கேட்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறவன் வீட்டில் பதினொரு படம்தான் தேறியது. என்னிடம் ஒரு தொழில் வியாதி இருக்கிறது. யாராவது என்னை நோக்கிக் கேமராவைத் தூக்கினால் முதுகு தானாக நிமிரும், முகவாய் இறங்கும், வாய் மூடிக்கொள்ளும். கல்யாணப் படத்தில் விசாவுக்கு நிற்பதுபோல நிற்கிறேன். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி ஆயா எடுத்த படத்தில் மனைவி அழுதுகொண்டே சிரிக்கிறாள், குழந்தை வீறிடுகிறது, எனக்கு இரண்டு காதும் தெரிகிறது. அந்தப் படம் எடுத்த நேரத்தில் எனக்குக் கால் தரையில் இல்லை. அது படத்தில் விழவில்லை.

எட்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது.

'சமர்ப்பிக்கப்பட்ட பதினொரு படங்களும் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன. பதினொன்றிலும் விண்ணப்பதாரரின் முகம் ஒரே மாதிரி உள்ளது. திருமண உறவில் இயல்பாக எதிர்பார்க்கப்படும் மகிழ்ச்சி எதிலும் காணப்படவில்லை. குழந்தை பிறந்த அன்று எடுத்ததாகக் கூறப்படும் படத்திலும் நிலைமை அதுவே. தம்பதியரின் செல்போன் செய்திகளில் "சாப்டாச்சா" என்ற கேள்வி இருநூற்றுப் பதினான்கு முறை இடம்பெற்றுள்ளது. அன்பைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. எனவே இத்திருமணம் உண்மையானது என்று நம்ப இயலவில்லை. மகளின் விண்ணப்பம், தந்தையின் நிலை தெளிவாகும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது.'

கடைசியில், எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

மனைவியிடம் போனில் படித்துக் காட்டினேன். "என்னங்க, அன்னைக்கு ஒரு நாளாவது சிரிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சாப்டாச்சா?" என்றாள். இருநூற்றுப் பதினைந்து.

மனைவியின் தம்பி செல்போன் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவனிடம் ஒரு வழி இருக்கும், அது பெரும்பாலும் தப்பாக இருக்கும். "இவ்ளோதானா மாமா? சிரிச்ச மாதிரி நாலு படம் வேணும், அவ்ளோதான விஷயம்" என்று என்னைப் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"அக்கா எதிர்ல நிக்கறாங்கன்னு நினைச்சுக்கோங்க மாமா."

"நினைச்சுட்டேன்."

"நினைச்ச மாதிரி தெரியலையே. பல்லைக் காட்டுங்க. அது பல்லு வலி மாமா. சிரிப்பு வேற."

என் மகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "அப்பா, சிரிக்காதே, சிரிக்காதே" என்று என் குரலிலேயே அதட்டினாள். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. மைத்துனன் சடசடவென்று எடுத்துத் தள்ளினான். பன்னிரண்டு படம், பன்னிரண்டிலும் பல். மேல்முறையீட்டோடு இணைத்து அனுப்பினோம்.

மேல்முறையீட்டுக்கு நேர்காணல் உண்டு. அதிகாரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே இல்லை. தண்ணீர்கூடக் கொடுத்தார். பூங்காப் படங்களை மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாகப் பரப்பினார்.

"இதுல ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க" என்றார்.

"ஆமாங்க." எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"மனைவி ஊர்ல இல்லாதப்ப எடுத்தது. சரிதானே?"

"ஆமாங்க."

"அதாவது, மனைவி பக்கத்துல இருந்த பதினொரு படத்துலயும் சந்தோஷம் இல்ல. மனைவி இல்லாத பன்னிரண்டு படத்துலயும் சந்தோஷமா இருக்கீங்க." எழுதிக்கொண்டார். "நான் எதையும் சேர்த்துச் சொல்லல. நீங்க கொடுத்ததைத்தான் சொல்றேன்."

அதற்குப் பிறகு கேள்விகள். அதே கேள்விகளை அதே நேரத்தில் அந்த நாட்டில் இன்னொரு அதிகாரி என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மனைவி கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பாங்க?"

"பாப்பா எந்தப் பக்கம் உதைக்கிறாளோ, அதுக்கு எதிர்ப் பக்கம்."

"கடைசியா எதுக்குச் சண்டை போட்டீங்க?"

"ஈரத் துண்டைக் கட்டில்மேல போட்டதுக்கு."

அவர் திரையைப் பார்த்தார். "முதல் கேள்விக்கு ரெண்டு பேரும் ஒரே பதில். வார்த்தை மாறாம. அதனால சொல்லிக்கொடுத்து வெச்சிருக்கீங்கன்னு படுது. ரெண்டாவது கேள்விக்கு உங்க மனைவி சண்டையே நடக்கலைன்னு சொல்லியிருக்காங்க. அதனால ஒருத்தரை ஒருத்தர் தெரியாதுன்னு படுது."

"அப்படித்தாங்க சொல்லுவா. சண்டை போட்டுட்டு, நான் எங்க சண்டை போட்டேன்னு கேப்பா. அதுக்குத்தான் அடுத்த சண்டை."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

நான் கல்யாணம் ஆனவன் என்பதற்கு அதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டே விட்டேன். "ஐயா, நீங்க என்னைப் பார்த்தா என்ன நினைக்கிறீங்க? நான் பொய் சொல்ற ஆள் மாதிரியா இருக்கேன்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். அதுவரைக்கும் அலுவலகமாக இருந்தவர் அந்த ஐந்து நிமிஷம் மனிதராகப் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

"நான் என்ன நினைக்கிறேங்கறதுக்கு ஃபாரத்துல இடம் இல்ல. சொந்தமா எனக்கு நீங்க நல்லவராத்தான் படறீங்க. ஆனா பாருங்க, ஒருத்தருக்கு விசா கொடுத்தா ஏன் கொடுத்தேன்னு நான் மூணு பக்கம் எழுதணும். என் கைப்பட. நாளைக்கு ஏதாவதுன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. கொடுக்கலைன்னா காரணம் எல்லாம் ஏற்கெனவே அச்சடிச்சு இருக்கு. டிக் போட்டா முடிஞ்சுது. கொடுக்காததுக்காக இதுவரைக்கும் யாரையும் கூப்பிட்டதில்ல. எனக்கும் வீட்ல பிள்ளைங்க இருக்காங்க சார், சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வீட்ல இருக்கணும். குடும்பம்னா அவ்ளோ முக்கியம்."

சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். மறுபடி அலுவலகம் ஆனார். "கடைசி வாய்ப்பா உங்களையும் பிள்ளையையும் உணர்வு மதிப்பீட்டுக்கு அனுப்பறேன்."

உணர்வு மதிப்பீடு என்பது ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி, சுவரில் ஆள் உயரத் திரை, திரைக்கு மேலே ஒரு கேமரா. திரையில் முதலில் ஒரு காலி நாற்காலியைக் காட்டுவார்கள், பிறகு மனைவியை. நேரடி ஒளிபரப்பு, மூன்று நிமிஷம். கேமரா நம் முகத்தை அளந்து மதிப்பெண் போடும். நாற்காலிக்கும் மனைவிக்கும் உள்ள வித்தியாசம்தான் திருமணம் என்று நடத்துகிற பெண் விளக்கினாள்.

நாற்காலியைப் பார்த்தேன். பிறகு அவள் வந்தாள். பதினொரு மாதமாக உள்ளங்கை அகலச் செல்போனில் மட்டும் பார்த்திருந்தவளை அன்றைக்கு முழு ஆளாகப் பார்த்தேன். இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை தோளில் தொங்கியது. எழுந்து போய் அந்தத் திரையில் முட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

முதுகு நிமிர்ந்தது. முகவாய் இறங்கியது. வாய் மூடிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், நான் சொல்லி நிற்கிற சமாசாரம் இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "என்னங்க, அந்த முகத்தை விடுங்க" என்றாள். "நான்தாங்க. இது விசா படம் இல்லீங்க. நான்தான்." மூன்று நிமிஷமும் அதையே சொன்னாள். நான் மூன்று நிமிஷமும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்தது. திரையும் அணைந்தது. அப்புறம் அழுதேன். அதற்கு மதிப்பெண் கிடையாது, நேரம் முடிந்துவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். கைக்குட்டை கொடுத்தாள், பாவம்.

அடுத்து மகளை உள்ளே விட்டார்கள். அவள் ஓடிப் போய்த் திரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. திரையை எச்சில் பண்ணியதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். எனக்கு நாற்காலிக்கு நான்கு, மனைவிக்கு நான்கு.

முடிவு பத்து நாளில் வந்தது. மகளுக்கு விசா உண்டு. தாய்க்கும் மகளுக்கும் உள்ள உறவு ஐயமற நிரூபணமாகிவிட்டதால் தந்தையின் நிலை தெளிவாகத் தேவையில்லை என்று எழுதியிருந்தது. எனக்கு இல்லை. அறுபது நாளுக்குள் மகள் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். தவறினால் விசா ரத்து, அதன்பின் அவளுடைய விண்ணப்பம் என் ஃபைலோடு சேர்த்தே பரிசீலிக்கப்படும்.

என் ஃபைலோடு சேர்த்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தண்ணீரில் முழுகுகிறவன் காலைப் பிடித்துக்கொண்ட கதைதான். மனைவி ஒரு நாள் "அனுப்பிடுங்க" என்றாள். மறுநாள் காலையில் கூப்பிட்டு "வேண்டாங்க, அவளும் இல்லாம நீங்க அந்த வீட்ல என்ன பண்ணுவீங்க" என்றாள். அடுத்த நாள் "சாப்டாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். நான்தான் முடிவு செய்தேன். எவனோ ஒருவன் போட்ட டிக்குக்காக, என் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

கடிதத்தின் கடைசி வரியில் ஒரு குறிப்பு. மகளின் படம் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டது, புதியது கொண்டுவரவும்.

ஒரு மத்தியானம் ஸ்டூடியோவின் கதவைச் சாத்திவிட்டு அவளை ஸ்டூலில் உட்கார வைத்தேன். அவளாகவே முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். நிமிர்ந்தாள். முகவாயை இறக்கினாள். வாய் மூடிக்கொண்டது. கண்ணாடியில் தினமும் பார்க்கிற என் முகம் எனக்கு எதிரே சின்னதாக உட்கார்ந்திருந்தது.

எடுக்கக் கை வரவில்லை. "பாப்பா, சிரிக்காதே" என்றேன், முதல் தடவை சொன்ன அதே குரலில். அவள் அசையவில்லை. திரும்பி நின்று முதுகைக் காட்டினேன். நாக்கைத் துருத்தினேன். கயிற்றில் கட்டின சீப்பால் என் தலையை வாரிக்கொள்வதுபோல் கோணல்மாணலாக ஆடினேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்த ஒருவரை நான் சிரிக்க வைக்கப் பாடுபட்டது அன்றைக்குத்தான்.

"ஒரே ஒரு தடவை சிரிம்மா. இது எனக்கு. அப்புறமா அவங்களுக்கு எடுக்கலாம்."

"வேணாம்ப்பா" என்றாள், வாய் அதிகம் அசையாமல். "கேமராக்குள்ள இருந்துச்சுன்னா அவங்க பார்த்துடுவாங்க. அம்மாகிட்ட விட மாட்டாங்க."

ஒரே தடவையில் எடுத்தேன். விதிமுறையில் ஒரு இம்மி பிசகு சொல்ல முடியாத படம்.

மறுநாள் மையத்தில் அதை வாங்கிப் பார்த்த அதிகாரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "யார் எடுத்தது? அருமை. சின்னப் பிள்ளைங்க படம் இப்படி அமையறது ரொம்ப அபூர்வம் சார். இன்னொரு காப்பி இருந்தா கொடுங்களேன்." கொடுத்தேன். கேட்டதைக் கொடுத்தே பழகிவிட்டது.

அவள் மூன்றாவது வாரம் போனாள். விமானக் கம்பெனிப் பெண் ஒருத்தி அவள் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இன்னொரு கையில் அம்மாவின் தலையணை. "நீங்க எப்பப்பா வருவீங்க?" என்று கேட்டாள். "முகம் சரியானதும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு அது நியாயமான காரணமாகத்தான் பட்டிருக்கிறது.

போன வாரம் மூன்றாவது முறையாக விண்ணப்பிக்கப் போனேன். சுவரில் அதே எழுத்து, தரையில் அதே திருகு போட்ட நாற்காலிகள். எனக்கு ஐம்பத்திரண்டு. உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிரே பலகை. வெளுத்துப்போன அந்த மனிதரை எடுத்துவிட்டிருந்தார்கள். பச்சை டிக்குக்குக் கீழே என் மகள் இருந்தாள். இரண்டு காதும் தெரிந்தது.

அடுத்த நாற்காலியில் ஒரு பெண்மணி. அவரும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாங்க முடியாமல், நடுவே இருந்த இடைவெளியைத் தாண்டி என் பக்கம் சாய்ந்தார்.

"யாரு பெத்த பிள்ளையோ" என்றார். "இந்த வயசுலயே சிரிக்கத் தெரியாம இருக்கு பாருங்க."

"பதினேழு தடவை சிரிச்ச பிள்ளை அது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். தினமும் காலையில் ஸ்டூடியோ கண்ணாடி முன்னால் நின்று பழகியபடி வாயைத் திறந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு உள்ளே போனேன்.